மறைத்து வைத்த ஏடும் பறிகொடுத்த பிள்ளையும்

பெற்றோரிடமிருந்து பிள்ளையை அகற்றும் அதிகாரம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப நீதிமன்றத்திற்கு உண்டு. 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டத்து 31ஆம் பிரிவின்படி உள்ளாட்சி மன்றம் மனுச் செய்யும். பிள்ளை பெருந்தீங்குக்கு ஆளாகிறது, அல்லது ஆளாகக்கூடும் என நீதிபதி கண்டால் பராமரிப்பு ஆணை பிறக்கும். குற்ற வழக்கைப் போல் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கொடுமைக்குள்ளாகும் குழந்தையைக் காக்க இத்தகைய சட்டம் வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆனால் இவ்வழக்குகளில் போலீசாரின் ஏடுகளுக்கு முக்கிய இடமுண்டு. அவற்றைப் பெற்றோர் கண்ணிற் காட்டாமலே தீர்ப்பளிக்கலாமா என்பதே நம் கேள்வி.

பொதுநலனுக்கு ஊறு என்று காரணங் காட்டிச் சில தகவல்களைத் தரவியலாது எனப் போலீசார் கோரலாம். பெற்றோரின் நிலை யாது? அதே சட்டத்தின் 98ஆம் பிரிவு, 'என் பதில் என்னையே குற்றவாளியாக்கும்' என்று கூறி வாய் மூடியிருக்கும் உரிமையை அவர்களுக்கு மறுக்கிறது. அச்சொற்களைப் பின்னர்க் குற்ற வழக்கில், பொய்ச்சாட்சிக் குற்றம் நீங்கலாக, அவர்களுக்கெதிரான சாட்சியமாக்கலாகாது என்றொரு காப்பு உண்டு, உண்மை. ஆயினும் குழந்தை இறந்துபோன வழக்கொன்றில், குடும்ப நீதிமன்றத்தில் தந்தை அளித்த ஒப்புதலைப் போலீசாரிடம் கொடுக்க 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இசைந்தது. பெற்றோர் யாவற்றையும் திறந்து வைக்க வேண்டும்; போலீசார் மட்டும் பூட்டி வைக்கலாமாம்! இது என்ன நீதி?

தகவல் தந்தவரைக் காட்டிக் கொடுத்தால் நாளை எவர் வாய் திறப்பார் என்பர். 1977இல் பிரபுக்கள் சபை, பொய்ப்புகாருக்கு ஆளான தாய் ஒருத்திக்குப் புகார் செய்தவரின் பெயரைத் தர மறுத்தது இக்காரணத்தாலேதான். அத்தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. அவள் நட்டஈடு கேட்டு வந்தவள். அவளிடமிருந்து பிள்ளையை எடுக்கும் வழக்கன்று அது. பிள்ளையையே இழக்கவிருப்பவளிடம் அந்தத் தீர்ப்பை நீட்டுவது பொருந்துமா?

மறைத்ததால் விளைந்ததைப் பாருங்கள். 1987இல் இலண்டனில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை விசாரித்த மருத்துவரும் சமூகநலப் பணியாளரும், அவள் சொன்ன பெயரைக் கொண்டு தாயின் தோழனே குற்றவாளி என முடிவு செய்தனர். சிறுமி ஏறத்தாழ ஓராண்டு தாயைப் பிரிந்திருந்தாள். விசாரணையின் ஒளிநாடாவைத் தாய்க்குத் தர மறுத்தனர். இறுதியில் எழுத்துப்படியைக் கண்டபோது, அதே பெயருடைய வேறொருவனை, முன்னர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட உறவினனை, சிறுமி குறித்தாள் என்பது புலப்பட்டது! தாய் அன்றே பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் தெளிவுபடுத்தியிருப்பாள். 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அத்தாய்க்கும் மகளுக்கும் அநீதி இழைக்கப்பட்டதெனக் கண்டது. அங்கே நாடாவை மறைத்தவர் போலீசாரல்லர். ஆயினும் மறைத்தவர் எவராயினும் தாய்க்கு நேரும் இழப்பு ஒன்றே.

2012இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், தந்தை ஒருவர் மீது மறைவாகக் குற்றஞ்சாட்டிய, உடல்நலம் குன்றிய இளம்பெண்ணின் அடையாளத்தையும் புகாரின் விவரங்களையும் பெற்றோருக்குத் தெரிவித்தேயாக வேண்டும் என்றது. கடுமையான தீர்ப்புத்தான், அப்பெண்ணின் துயரத்தையும் நீதிபதிகள் அறிந்தே தீர்த்தனர்.

அடிபட்ட மனைவி ஒளிந்து வாழும் முகவரியை அழித்துவிட்டுக் கொடுக்கட்டும், எவரும் தடுக்கவில்லை. குற்றச்சாட்டின் சாரத்தை அழிக்கலாகாது. மறைக்கக் கோரும் ஒவ்வொரு வரியையும் நீதிபதியே படித்து முடிவு செய்ய வேண்டும். போலீசாரின் சொல்லே போதுமென விடலாகாது. அதையும் விரைந்து செய்ய வேண்டும். 2014 முதல் இவ்வழக்குகளை 26 வாரங்களில் முடிக்கவேண்டுமென விதி இருக்கிறது. 25ஆம் வாரத்தில் கைக்கு வரும் ஏட்டை வைத்துக்கொண்டு அந்தத் தாயின் வக்கீல் என்ன செய்வார்?