கார்புரேட்டரைக் கழற்றினால் குற்றமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. கார்புரேட்டரில் கை வைத்தாலே பாரம்பரியம் போச்சு என்பது ஒரு கட்சி. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், டர்போ இரண்டையும் ஒரே மூச்சில் மாட்டிப் பறக்க விடு என்பது இன்னொன்று. கோவையில் பட்டறை நடத்திப் பழைய பெட்ரோல் வண்டிகளோடு காலம் தள்ளுகிற எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இன்ஜெக்‌ஷனை அரசு தாராளமாக அனுமதிக்கலாம். டர்போவை இன்ஜினின் அடிவயிற்றைப் பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும்.

இப்போது பட்டறையில் நிற்கும் 1951 செவர்லே பிக்கப்பையே எடுத்துக்கொள்வோம். 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர், 92 குதிரைத்திறன். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிக்கொண்டிருந்ததால் செவர்லே நம் ஊர்களுக்குப் புதிதல்ல. இந்த இன்ஜினில் கோளாறு ஒன்றுமில்லை. மாறியது பங்க்கில் ஊற்றும் பெட்ரோல்தான்.

இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு எரிபொருளைக் கூடுதலாக விட வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டின் துளைக்கு அது தெரியாது, பழைய அளவையே விடும். இன்ஜின் சூடேறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து ரப்பர் டயாஃபிரமையும் ஹோஸையும் எத்தனால் அரித்துவிடும்.

இன்ஜெக்‌ஷனில் சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து அளவைச் சொல்ல, கம்ப்யூட்டர் திருத்திக்கொள்ளும். இந்த செவர்லேயில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே காற்று வழி என்பதால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்தால் ஒன்றின் பங்கை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு தகடு வைத்துத் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனை உட்கார வைப்பதே புத்திசாலித்தனம். ஆறு வோல்ட் டைனமோவுக்குப் பதில் பன்னிரண்டு வோல்ட் ஆல்டர்னேட்டர் வேண்டும். பழைய பம்பு நாலைந்து பவுண்டு பிரஷர்தான் தரும். இன்ஜெக்‌ஷனில் நாற்பது பவுண்டைத் தாண்டும் வகைகளும் உண்டு. ஆகவே அதற்கேற்ற பம்பும் ஹோஸும் போட வேண்டும், இன்ஜின் நின்றதும் பம்பு தானே நிற்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் வண்டி தீப்பிடிக்கும். ஆனால் இன்ஜின் பிளாக்கில் ஒரு துளைகூடப் போடுவதில்லை. பழைய கார்புரேட்டரை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டால், வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

டர்போ கதை வேறு. இந்த 216-இன் கம்ப்ரஷன் 6.6-தானே, டர்போவுக்கு இதைவிடத் தோதான இன்ஜின் எது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மேல்பாதியை மட்டும் பார்த்தால் சரிதான். சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். கனெக்டிங் ராடில் ஒயிட் மெட்டல் ஊற்றிய பேரிங். அதற்குப் பிரஷரில் ஆயில் போவதில்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, தொட்டியில் நிற்கும் ஆயிலையும் குழாய் பீய்ச்சும் ஆயிலையும் அள்ளிக்கொள்கிறது. ஆயில் கேஜே முப்பது பவுண்டோடு முடிந்துவிடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் டர்போவுக்கு இங்கிருந்தா ஆயில் கொடுப்பது? பிஸ்டன் மேல் விழும் கூடுதல் அடியை அந்த ஒயிட் மெட்டல் எத்தனை நாள் தாங்கும்?

அதே செவர்லே 1954 முதல் லாரிகளுக்குப் போட்ட 235 இன்ஜினில் ராடு வரை பிரஷரில் ஆயில் போகும், ஷெல் பேரிங். அதில் கொஞ்சம் பூஸ்ட் வைக்கலாம், நான் மறுக்கவில்லை. அங்கேயும் ரேடியேட்டரையும் நாலு சக்கர டிரம் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இழுவையைக் கூட்டிவிட்டு நிறுத்தத்தை மறந்தால் அது எதிரே வருகிறவனுக்குச் செய்யும் துரோகம்.

ஒரிஜினல், ஒரிஜினல் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் லாரிக்காரர்கள் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டுப் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் இன்ஜினை ஏற்றியதால்தான் பல பழைய லாரிகள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்தன. அது இன்ஜினையே மாற்றிய வேலை. நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை.

2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எரிபொருளை மாற்றிய அரசே, அதற்கேற்ப இன்ஜினைத் திருத்துகிறவன் தலையில் சந்தேகத்தைச் சுமத்துவது என்ன நியாயம்?

திரும்பக் கழற்றக்கூடிய இன்ஜெக்‌ஷனைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை என்று விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். ஆர்.சி.யில் குறித்துக்கொள்ளட்டும், பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லட்டும். டர்போ வேண்டும் என்பவர் ஆயில் பிரஷரையும் பிரேக்கையும் சோதனையில் காட்டிவிட்டு வரட்டும். ஓடுகிற வண்டிக்குத்தான் பாகம் தேடுவார்கள், வேலை கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவார்கள். விதி அந்த ஓட்டத்துக்கு உதவ வேண்டும்.