குதிரைப் பந்தய ஓவியம்... ஆனால், பந்தயம் எங்கே?

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், ரேஸில் ஜெயித்த குதிரையைப் படமாக வரைந்து வீட்டில் மாட்டுவது பெரிய கௌரவம். அதிலேயே பெயர் வாங்கியவர் ஜான் ஃபிரடெரிக் ஹெர்ரிங். ஓவியர் ஆவதற்கு முன் கோச் வண்டி ஓட்டியவர்!

ஆனால், அந்தக் காலத்தில் கூட்டத்தை அள்ளிய ரேஸ் ஓவியத்தில் குதிரைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வில்லியம் பவல் ஃபிரித் வரைந்த ‘டெர்பி தினம்’தான் அது.

1856-ல் எப்சம் மைதானத்துக்கு டெர்பி பார்க்கப் போனார் ஃபிரித். ரேஸ் அவரை ஈர்க்கவே இல்லை. கூட்டம்தான் ஈர்த்தது. ஒரு பக்கம் மூணு சீட்டு, இன்னொரு பக்கம் பட்டாணியைக் கிண்ணத்துக்குள் ஒளித்து வைத்துப் பந்தயம். ‘எந்தக் கிண்ணம்னு எனக்குத் தெரியும்’ என்று பெரிய தொகையைக் கட்டப்போனவரை, நண்பர் அகஸ்டஸ் எக் தடுத்தார். உடனே, பாதிரியார் போலிருந்த ஓர் ஆள் கண்டபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். “நீயும் இவனுக்குக் கூட்டாளிதானே” என்று முகத்துக்கு நேராகவே கேட்டாராம் எக். மரியாதைக்குரிய தோற்றம்தானே ஏமாற்றுக்காரர்களின் முதலீடு!

ஃபிரித் அந்த விளையாட்டை ஓவியத்தில் விடவில்லை. இடப்பக்கம் சூதாட்ட மேஜை. கிராமத்து இளைஞன் ஒருவன் ஆசையோடு நிற்க, மனைவி அவனைப் பிடித்து இழுக்கிறாள். பக்கத்திலேயே இன்னொருவர் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுக்கிறார். பட்டணத்துக்காரர் ஒருவரின் பாக்கெட் காலி, கடிகாரமும் போயே போச்சு. வலது ஓரத்தில், சாரட்டில் ஒரு பெண். அவளை ‘வைத்திருக்கும்’ பணக்கார இளைஞன் வண்டியில் சாய்ந்து ஸ்டைலாக நிற்கிறான்.

இந்த முகங்களுக்காக ஃபிரித் ரொம்பவே மெனக்கெட்டார். ராபர்ட் ஹவ்லெட் என்ற போட்டோகிராபரை அனுப்பி, குதிரை வண்டியின் கூரைமேலிருந்து கூட்டத்தைப் படமெடுக்கச் சொன்னார். மாடல்களை வைத்தும் வரைந்தார். ஜேக்கப் பெல் என்ற மருந்து வியாபாரி பேசிய விலை, 1,500 பவுண்டு.

1858-ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தபோது, ஏழு அடிக்கும் மேல் அகலமான அந்த ஓவியத்தை மக்கள் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். அதைக் காப்பாற்றத் தடுப்புக் கம்பி போட வேண்டியதாயிற்று. இன்று அது டேட் கேலரி வசம் இருக்கிறது.

ஓவியத்தின் நடுவில் கழைக்கூத்தாடி ஒருவர், கைகளை நீட்டி மகனை அழைக்கிறார். வெள்ளை உடுப்பு போட்ட அந்தக் குட்டிப் பையன் அப்பாவைக் கவனிக்கவே இல்லை. வேலைக்காரர் ஒருவர் பணக்காரர்களுக்காகத் தரையில் விருந்தைப் பரப்பிக்கொண்டிருக்கிறார். அவன் கண் அந்தச் சாப்பாட்டின் மேல்தான்.