பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா? ஸ்டாண்டுக்கும் சேர்த்து காசு எடுத்து வைங்க!

முதல்லயே சொல்லிடறேன். சைக்கிள் ஓட்டினா உடம்புக்கு நல்லது, உலகத்துக்கு நல்லதுங்கற ரகப் பதிவு இல்லை இது. அதை எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது வேற. பழைய சைக்கிள் வாங்குறவங்க முக்காவாசிப் பேர் பாதி சைக்கிள்தான் வாங்குறாங்க. மீதிப் பாதி எதுன்னா, அந்த சைக்கிளைத் தரையிலேர்ந்து தூக்கி நிறுத்தி வேலை பார்க்க வீட்டுல ஒரு வசதி. அது இல்லைன்னா ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் நஷ்டம்தான், ஓசியில கிடைச்சாலும் நஷ்டம்தான்.

சந்தேகமா இருந்தா ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல போய்ப் பாருங்க. 2020 லாக்டவுன் சமயத்துல ஜிம் மூடிட்டாங்கன்னு ஆளாளுக்கு ஓடி வாங்கின சைக்கிளெல்லாம் தூசி படிஞ்சு வரிசையா நிக்கும். அதுல உடைஞ்ச சைக்கிள் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு தேறினா அதிகம். மத்ததுக்கெல்லாம் வியாதி சின்னது. காத்து இறங்கியிருக்கும், செயின் காய்ஞ்சிருக்கும், பிரேக் கட்டை ரிம்முல உரசும், கியர் மாத்தினா கடகடன்னு சத்தம் வரும். எல்லாம் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலையை யாரும் செய்யாததாலதான் சைக்கிள் செத்துப் போகுது.

ஏன் செய்யலை? சோம்பேறித்தனம்னு ஈஸியா சொல்லிடலாம். ஆனா தரையில நிக்கிற சைக்கிள்ல வேலை செய்யவே முடியாது மக்களே. கியரை எடுத்துக்குங்க. பெடலைச் சுத்திக்கிட்டே கியரை மாத்தி, செயின் எந்தப் பல்லுல ஏறுது, எங்க தடுக்குதுன்னு பார்த்து கேபிளைக் கால் திருகு அரைத் திருகா சரி பண்ணணும். பின் வீல் தரையில இருந்தா இது நடக்குமா? ஒருத்தர் சீட்டைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் பெடல் சுத்த, மூணாவது ஆள் ஸ்க்ரூ திருக... கோயில் தேர் இழுக்கிற மாதிரி ஆயிடும் :-)

தலைகீழாக் கவுத்துப் போட்டும் செய்யலாம், அவசரத்துக்கு. ஆனா சீட்டு கிழியும், பெல்லு நசுங்கும், ஹேண்டில்ல இருக்கிற கியர் லீவர் கீறல் விழும். இடது எது வலது எதுன்னு மண்டை குழம்பும். குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனதுதான் மிச்சம். ஒரு தடவை செய்வீங்க, அடுத்த தடவை "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" வந்துடும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம தாத்தா ஓட்டின சைக்கிள்ல இந்த வசதி கூடவே வந்துச்சு. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கால் வச்ச பெரிய ஸ்டாண்டு. கேரியரைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா பின் வீல் அந்தரத்துல நிக்கும். சின்ன வயசுல அதுல ஏறி உட்கார்ந்து, நகராத சைக்கிளை நாலு ஊருக்கு ஓட்டாதவங்க நம்மள்ல யாரு? அந்த விளையாட்டுச் சாமான்தான் உண்மையில வீட்டு ரிப்பேர் ஸ்டாண்டு. செயினுக்கு எண்ணெய் விடலாம், வீல் கோட்டம் பார்க்கலாம், வீலைக் கழட்டாமலே டயரை ஒரு பக்கமாப் பிரிச்சு பஞ்சர் ஒட்டலாம். எடை குறையணும், ஸ்டைலா இருக்கணும்னு சைடு ஸ்டாண்டுக்கு மாறினோம். சைக்கிள் ஒருக்களிச்சு நிக்க ஆரம்பிச்சுது, நாம வேலை செய்யறதும் நின்னு போச்சு. முன்னெல்லாம் அது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை, தண்ணித் தொட்டி, பம்பு, மெக்கானிக் அண்ணன். இப்ப அந்தக் கடைகள் குறைஞ்சு போச்சு. ரெண்டு கிலோமீட்டர் உருட்டிக்கிட்டுப் போகணும்னா யாரு போவா?

சரி, மேட்டருக்கு வருவோம். பழசு எங்க கிடைக்கும்?

உங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்தான் முதல் இடம், சும்மா சொல்லலை. அசோசியேஷன் செகரட்டரிகிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க. இடத்தை அடைக்குதுன்னு அவரே புலம்பிக்கிட்டு இருப்பார். ரெண்டாவது, இன்னமும் மிச்சம் இருக்கிற சைக்கிள் கடைகள். மெக்கானிக்கே பழசை வாங்கி ஓவராலிங் பண்ணி விப்பார், கொஞ்சம் விலை கூட இருந்தாலும் நம்பி வாங்கலாம். சென்னைக்காரங்களுக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. ஓ.எல்.எக்ஸ். மாதிரி இணையதளங்களும் இருக்கு, ஆனா படத்தை மட்டும் பார்த்து பணம் அனுப்பாதீங்க.

அரசாங்க இலவச சைக்கிளும் நிறைய வெளியில வருது. 2000களின் தொடக்கத்துல ஆரம்பிச்ச திட்டம். பிறகு விரிஞ்சு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல 11ஆம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கிடைக்க ஆரம்பிச்சுது. "கவர்மெண்ட் சைக்கிளா?"ன்னு முகம் சுளிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். எளிமையான இரும்புச் சட்டம், கியர் கிடையாது, எந்த ஊர்லயும் பார்ட்ஸ் கிடைக்கும். கிரீஸ் வச்சு இறுக்க வேண்டியதை இறுக்கினா நல்லாவே ஓடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க: அந்தப் பிள்ளை படிச்சு முடிச்சாச்சா? இன்னும் பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தா தயவுசெய்து வாங்காதீங்க. நமக்கு அது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு, அதுக்கு அது பஸ் இல்லாத ஊர்லேர்ந்து பள்ளிக்கூடம் போற வழி.

அடுத்து, திருட்டு சைக்கிள். சட்டத்துல சேசிஸ் நம்பர் அடிச்சிருப்பாங்க, சீட்டுக்குக் கீழேயோ பெடல் அச்சு போற குழாய்க்கு அடியிலயோ பாருங்க. அது ராவி அழிஞ்சிருந்தா ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துடுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா குற்றம். முன்னாடி இ.பி.கோ. 411, 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 317. சட்டத்தை விடுங்க. சைக்கிள் திருட்டுப் போற ஆள் பெரும்பாலும் யாரு? வாட்ச்மேன், பால்காரர், கட்டட வேலைக்குப் போறவர். அவரோட மறுநாள் கூலியில நமக்கு மலிவு விலை வேண்டாம்.

பார்க்கும்போது என்ன பார்க்கணும்? என் லிஸ்ட் இது:

1. ஹேண்டில் குழாய்க்குப் பின்னாடி, கீழ்க் குழாய் சேர்ற இடத்தை விரலால தடவிப் பாருங்க. பெயிண்ட் சுருங்கியோ, லேசா புடைச்சோ இருந்தா எங்கயோ மோதின வண்டி. வேண்டாம்.

2. ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க. செயினோட ஒரு பின் நடுவுலேர்ந்து அளந்தா 24 கண்ணிக்கு சரியா 12 அங்குலம் வரணும். ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம் கூடியிருந்தா செயின் முடிஞ்சுது. கியர் சைக்கிள்னா அதுல பாதி கூடினாலே மாத்தணும். தேஞ்ச செயின் பல்சக்கரத்தையும் தின்னிருக்கும், அதையும் கணக்குல சேர்த்துப் பேரம் பேசுங்க.

3. ரெண்டு பெடல் கட்டையையும் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. லொடலொடன்னா கப்போ பால்ரஸோ போயிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு 'டக்' வந்தா காட்டர் பின். ரெண்டும் சின்னச் செலவுதான், பயப்பட வேண்டாம்.

4. வீலைத் தூக்கிச் சுத்தி விட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. லேசான கோட்டம் எடுத்துடலாம். ரிம்மே நசுங்கியிருந்தா எடுக்க முடியாது.

5. சீட்டு போல்ட்டைத் தளர்த்தி சீட்டை மேல கீழ நகர்த்திக் காட்டச் சொல்லுங்க. இதை யாரும் செய்யறதில்லை. துருப்பிடிச்சு இறுகின சீட்டுத் தண்டு பெரிய தலைவலி. உயரமும் மாத்த முடியாது, ஸ்டாண்டுல பிடிக்கவும் வசதிப்படாது.

மலிவு விலை டபுள் ஷாக் அப்சர்பர் சைக்கிள் பார்க்க பைக் மாதிரி இருக்கும். அது பக்கம் போகாதீங்க. எடையும் அதிகம், அந்த ஸ்பிரிங் மூட்டு ஆட ஆரம்பிச்சா அதே பார்ட் தேடி அலைய வேண்டியதுதான். பழைய 28 அங்குல வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. 1951ல ஆரம்பிச்ச அட்லஸ் கம்பெனி 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்னிக்கே தன்னோட சாகிபாபாத் ஆலையை மூடிச்சு. ஆனா ஊர்ல ஓடிக்கிட்டிருந்த அட்லஸ் எதுவும் அதனால நிக்கலை. அதே டயர், அதே பால்ரஸ், அதே செயின் வேற கம்பெனி வண்டிக்கும் போடறதுதானே.

இன்னொண்ணு, பார் வச்ச வண்டின்னு பெண்கள் ஒதுக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டப்ப, குழந்தையை உட்கார வைக்க பார் இருக்குன்னு அந்த வண்டியையே விரும்பி வாங்கினவங்க உண்டுன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார்.

இப்ப ஸ்டாண்டு. செலவு ஏறுமுகமா சொல்றேன்.

காசே இல்லாதது: ஊஞ்சல் கொக்கி. பல வீட்டுல கூடத்துல சும்மாதான் இருக்கு. ரெண்டு நைலான் கயிறு, ஒண்ணு சீட்டுக்குக் கீழ, ஒண்ணு ஹேண்டிலுக்கு. நெஞ்சு உயரத்துல தொங்க விட்டா வேலை நடக்கும். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். கொக்கி கான்கிரீட்ல உறுதியா இருக்கான்னு பார்த்துக்குங்க. பழைய இரும்பு வண்டி 20 கிலோவுக்குப் பக்கத்துல வரும்.

அடுத்தது, பின் அச்சைத் தாங்கிப் பிடிக்கிற சின்னத் தரை ஸ்டாண்டு. பின் வீல் மட்டும் மேல நிக்கும். செயின் துடைக்க, கியர் சரி பண்ண இது போதும். பெரும்பாலான வீட்டுக்கு நான் சொல்றது இதைத்தான்.

மூணாவது, மூணு கால் வச்சு மேல கவ்வி இருக்கிற பெரிய ஸ்டாண்டு. கவ்வியில சீட்டுத் தண்டை மட்டும்தான் பிடிக்கணும், சட்டத்துக் குழாயைப் பிடிச்சு இறுக்கினா அலுமினியம் நசுங்கும், கார்பன் விரிஞ்சே போகும். தண்டு வெளியில போதுமான அளவு தெரியலைன்னா சீட்டை மேல ஏத்திக்குங்க. அதுக்கு முன்னாடி பழைய உயரத்துல ஒரு துண்டு டேப் ஒட்டி வைங்க, திரும்ப வைக்கும்போது நன்றி சொல்வீங்க. எத்தனை கிலோ தாங்கும்னு கேட்டு வாங்குங்க. சைக்கிளோட கனம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டி வைங்க.

சாமான் ரொம்ப வேண்டாம். ரெண்டு மூணு ஸ்பேனர், ஆலன் கீ செட்டு, பஞ்சர் சொல்யூஷன், பம்பு, கிரீஸ், செயின் ஆயில், பழைய பனியன் துணி. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, பிசுபிசுன்னு ரோட்டு மண்ணையெல்லாம் பிடிச்சு வச்சுக்கும். இடது பெடலோட மரை தலைகீழ். அதைக் கழட்ட கடிகார முள் சுத்தற பக்கம் திருகணும். இது தெரியாம மல்லுக்கட்டி மரையைக் கொன்னவங்க ஏராளம்.

"எல்லாரும் வீட்டுலயே செஞ்சுக்கிட்டா மெக்கானிக் பொழப்பு என்னாவுறது?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனா பார்க்கிங்ல தூங்குற சைக்கிளால அவருக்கு நாலணா வருமானம் உண்டா? ஓடுற வண்டிக்குத்தான் டயர் தேயும், கம்பி அறும், பால்ரஸ் உடையும். காத்தும் செயினும் பிரேக்கும் நம்ம வேலை. காட்டர் பின் அடிக்கிறது, கப்பு மாத்தறது, பெரிய கோட்டம் எடுக்கிறது எல்லாம் அவர் வேலை, அதுக்குக் கை பழகணும். கூலியில பேரம் பேசாதீங்க. நாமே ஒரு தடவை கோன் இறுக்கிப் பார்த்தாத்தான் தெரியும், கால் திருகு கூடினா வீல் சுத்தாது, கால் திருகு குறைஞ்சா ஆடும்னு. அந்தக் கால் திருகைக் கண்டுபிடிக்கிற கைக்கு அம்பது ரூபாய் அதிகமான்னு அப்புறம் கேக்க மாட்டோம்.

வீட்டுல பிள்ளைங்க இருந்தா இன்னொரு லாபம். ஸ்டாண்டுல நிக்கிற சைக்கிள் கிட்ட அதுங்க தானா வரும். நாம பழுது பார்க்கும்போது பக்கத்துல நின்னு துணியாவது எடுத்துக் குடுக்கும். கெட்டுப் போனா தூக்கிப் போடணுங்கற பாடத்தைக் கத்துக் குடுக்க ஊரே இருக்கு. திறந்து பார்த்தா புரியும், புரிஞ்சா சரி பண்ணலாங்கறதை வீட்டுல நாமதான் காட்டணும்.

அதனால மக்களே, பட்ஜெட் போடும்போது வண்டிக்கு இவ்வளவு, பூட்டுக்கு இவ்வளவு, ஸ்டாண்டுக்கு இவ்வளவுன்னு மூணாப் பிரிங்க. காசு இடிச்சா வண்டியில குறைங்க, ஸ்டாண்டுல குறைக்காதீங்க.

டிஸ்கி: ஊஞ்சல் கொக்கியில சைக்கிள் தொங்க விட்டு வீட்டுல திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பில்லை. கீழ ரெண்டு பழைய நியூஸ்பேப்பர் விரிச்சுக்குங்க, பாதித் திட்டு குறையும் :-) உங்க ஊர்ல பழைய சைக்கிள் எங்க கிடைக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, தேடற நாலு பேருக்கு உதவும்.