போர்வைக்கு ஒரு பாராட்டு விழாவா?

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருக்குப் பாராட்டு விழா. மாணவர்கள் எல்லோரையும் பரீட்சையில் தேற வைத்ததற்காக அல்ல. பாடப் புத்தகம் எழுதியதற்காகவும் அல்ல. புற்றுநோயாளிகளுக்குத் தம் கையால் போர்வை செய்து கொடுத்ததற்காக!

அமெரிக்காவின் சிற்றூர்களில் இத்தகைய விழா புதுமையல்ல. ஊர்ப் பிரமுகர்கள் கூடுகிறார்கள். கேடயம் கொடுக்கிறார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வருகிறது. ஆசிரியையின் இரக்க சிந்தையைப் பற்றி நாலு வரி. இத்தனை போர்வை செய்தார் என்று ஒரு கணக்கு. அதோடு சரி.

"போர்வைதானே! கடைக்குப் போனால் சில டாலருக்குக் கிடைக்குமே! இதற்கு ஒரு விழாவா?" என்று கேட்பவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். பாராட்டுகிறவர்கள் அதற்குச் சரியான பதில் சொல்வதில்லை என்பதே குறை. இரக்கம் என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள்.

ஏன் குளிர்கிறது?

போர்வை என்றால் பனிக்காலத்துச் சமாசாரம் என்று நினைப்பது வழக்கம். புற்றுநோயாளிக்கு அப்படி அல்ல. வெளியே கோடை வெயில் கொளுத்தினாலும் அவருக்குள்ளே குளிர் நடுக்குகிறது.

மருந்து நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அந்தத் திரவம் உடம்பின் சூட்டைவிடக் குளிர்ந்தது. சில நாட்களில் மணிக்கணக்கில் அசையாமல் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். அறையிலோ குளிர்சாதன வசதி. இரத்தம் குறைந்திருக்கிறது; உடம்பு இளைத்திருக்கிறது; தலைமுடியும் உதிர்ந்துவிட்டது. குளிராமல் என்ன செய்யும்?

குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இன்னும் பொல்லாதது. அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்கள் சுரீர் என்று குத்தும். கட்டிலின் இரும்புக் கம்பியைத் தொடவே அஞ்சுவார்கள்.

ஆகவே போர்வை அங்கே அலங்காரப் பொருள் அல்ல. ஆனால் போர்வை ஆஸ்பத்திரியிலேயே இருக்குமே, ஆசிரியை ஏன் செய்ய வேண்டும்?

ஒரு படம் செய்த வேலை

1995-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு முதல் நாள். 'பரேட்' என்ற அமெரிக்க ஞாயிறு இதழில் குழந்தைகளின் படங்களோடு ஒரு கட்டுரை வந்தது. படம் எடுத்தவர் எட்டி ஆடம்ஸ். வியட்நாம் போரின்போது, 1968-ல், சைகோன் வீதியில் ஒருவன் தலையில் துப்பாக்கி வைத்துச் சுடப்படும் காட்சியைப் படம் பிடித்தாரே, அவரேதான்! கொடுமையின் உச்சத்தைப் படம் எடுத்த அதே கை, இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சின்னஞ்சிறுமியையும் எடுத்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த கடுஞ் சிகிச்சையைத் தாங்க அவளுக்குத் துணையாக இருந்தது அவளுடைய போர்வை.

கொலராடோ மாநிலத்தில் இருந்த காரென் லௌக்ஸ் என்ற பெண்மணி இதைப் படித்தார். டென்வர் நகரிலுள்ள குழந்தைகள் புற்றுநோய் நிலையத்துக்குக் கையால் செய்த போர்வைகள் கொடுக்கத் தீர்மானித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'புராஜெக்ட் லைனஸ்' என்ற சங்கம். இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அதற்குத் தொண்டர்கள் உண்டு. கொடுத்த போர்வைகளின் கணக்கு 50 லட்சத்தைத் தாண்டிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

லைனஸ் யார்? சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீநட்ஸ்' சித்திரக் கதையில் வரும் பொடியன். 1954 முதல் போர்வையும் கையுமாகவே திரிந்தவன். அவனைப் படைத்த ஷுல்ஸும் குடல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 2000-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி காலமானார். அவருடைய கடைசி ஞாயிறு சித்திரம் மறுநாள் வெளிவந்தது.

தாய்க்கு அடுத்தது

குழந்தை ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது வெறும் பிடிவாதம் அல்ல என்று 1951-லேயே விளக்கியவர் இங்கிலாந்து குழந்தை மருத்துவர் வின்னிகாட். தாயை விட்டு வெளி உலகத்துக்குப் போகிற குழந்தைக்கு அது ஒரு பாலம் என்றார் அவர். 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், டாக்டர் பரிசோதிக்கும்போது மூன்று வயதுக் குழந்தைகளின் கலக்கம் அளந்து பார்க்கப்பட்டது. போர்வையோடு ஒட்டுதல் உள்ள குழந்தைகளுக்கு, தாய் பக்கத்தில் இருப்பதைப் போலவே போர்வையும் ஆறுதல் தந்தது.

இதை வைத்துக்கொண்டு எந்தப் போர்வையும் மருந்து என்று சொல்லிவிடக் கூடாது. ஆறுதல் தந்தது குழந்தையின் சொந்தப் போர்வை, பழகிய போர்வை. புதிதாகக் கொடுக்கும் போர்வை முதல் நாள் வெறும் துணிதான். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நடக்கும். அத்தனை காலமும் கூடவே வந்து, நனைந்து, கசங்கி, துவைபட்டால்தான் அது சொந்தமாகும். ஆஸ்பத்திரிப் போர்வை அப்படி ஆக முடியாது. அது மாலையில் சலவைக்குப் போய்விடும். மறுநாள் வேறொருவரைப் போர்த்தும். கையால் செய்த போர்வையோ ஒன்றைப் போல் இன்னொன்று இராது. குழந்தை தன்னுடையதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளும்.

இரக்கம் மட்டும் போதாது. நோயாளியின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும். ஆகவே போர்வை புதிதாக இருக்க வேண்டும், இயந்திரத்தில் துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். தைக்கும்போது குத்திய குண்டூசி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. புகை பிடிக்கும் வீட்டின் வாடை துணியில் ஏறக் கூடாது. மேனி நொந்தவர்களுக்கு முரட்டுக் கம்பளி ஆகாது. இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் கவனிக்கிறாரே, பாராட்ட வேண்டியது அதைத்தான்!

வகுப்பில் முடிச்சு

ஆசிரியைகள் பலர் தாம் மட்டும் செய்வதில்லை, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். 'ஃப்ளீஸ்' என்ற மெத்தென்ற செயற்கைத் துணியில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். நான்கு மூலைகளையும் சதுரமாக வெட்டி எடுப்பார்கள். பிறகு ஓரம் முழுவதும் விரல் அகலத்துக்கு நறுக்கி, மேல் துணியின் நாடாவையும் கீழ்த் துணியின் நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். அவ்வளவுதான். வெட்டிய ஓரம் பிரியாது என்பதால் தையலே தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

முடிச்சுப் போட்டுக்கொண்டே பிள்ளைகள் கேட்பார்கள்: இது யாருக்கு? அவர்களுக்கு என்ன நோய்? தலைமுடி ஏன் கொட்டுகிறது? நோய் ஒட்டிக்கொள்ளுமா? பெரியவர்கள் 'உஸ்' என்று வாயை மூடிவிடும் இந்தக் கேள்விகளுக்கு வகுப்பிலே பதில் கிடைக்கிறது. சிகிச்சை முடிந்து, மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வந்தால் அதைக் கேலி செய்ய யாருக்கும் தோன்றாது.

கேடயமும் ரசீதும்

இன்னொரு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். போர்வையைக் காட்டி ஆஸ்பத்திரி ரசீதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. புற்றுநோய் வந்தவர்கள், வராதவர்களைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் திவாலாகிறார்கள் என்று அது கண்டது. உலகத்திலேயே பணக்கார நாட்டில் இந்த நிலைமை! ஆசிரியைக்குக் கை தட்டிய பிரமுகர்கள் அந்த ரசீதைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினால் என்ன?

ஆசிரியையின் கைச்செலவுக் கதையும் அதே போலத்தான். அமெரிக்க ஆசிரியர்கள் வகுப்புச் சாமான்களைச் சொந்தப் பணத்தில் வாங்குவது அவ்வளவு சகஜம். அதற்காக 2002 முதல் வருமான வரிக் கணக்கில் 250 டாலர் வரை கழித்துக்கொள்ள அரசாங்கமே அனுமதித்தது. 2022-ல் அது 300 டாலர் ஆயிற்று. போர்வைத் துணிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? கேடயத்துக்கும் விருந்துக்கும் ஆகிற செலவில் பாதியைத் துணியாக வாங்கிப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினால், ஆசிரியை அதிகம் சந்தோஷப்படுவார்.

ஏனென்றால் கொடுத்த போர்வை திரும்பி வருவதில்லை. அது நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி நாற்காலிக்கோ மறுநாள் காலையில் அடுத்தவர் வந்துவிடுகிறார்.