ஆய்வுக்குப் படியளப்போர் யார்?

மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் லயத்துப் பெண் மலைக்குப் புறப்படுமுன் உண்பது பெரும்பாலும் கோதுமை ரொட்டியும் சம்பலும், அவற்றோடு சாயத் தேத்தண்ணீருமே. அவள் பறித்த கொழுந்து கொழும்பு ஏலத்தைக் கடந்து மேனாட்டு அங்காடியை அடையும்போது, இதயத்தைக் காக்கும் பானம் என்ற அடைமொழி அதனோடு ஒட்டிக்கொள்கின்றது. அவ்வடைமொழியைச் சூட்டியவர் யார், சூட்டுவதற்குக் கூலி கொடுத்தவர் யார் என்னும் வினா தேயிலை விளையும் நாட்டிலேயே உரக்கக் கேட்கப்படுவதில்லை.

2012 செப்டெம்பரில் வாஷிங்டனிலே, ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில், தேநீரும் மனித நலமும் பற்றிய ஐந்தாவது சர்வதேச ஆய்வரங்கு கூடிற்று. கூரை அரசாங்கத்தினுடையது; செலவோ வணிகர் அமைப்பாகிய அமெரிக்கத் தேயிலைக் கவுன்சிலினுடையது. அங்கு வாசிக்கப்பட்ட கட்டுரைகள் மறு ஆண்டு புகழ்பெற்ற போஷாக்கியற் சஞ்சிகையொன்றின் இணைப்பிதழாக வெளிவந்தன. பிரயாணச் செலவையும் சன்மானத்தையும் கவுன்சிலிடமிருந்து பெற்றமையைக் கட்டுரையாளர்கள் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டுள்ளனர். அடிக்குறிப்பு வரை வாசிப்போர் எத்தனை பேர்? பத்திரிகைக்கு வந்து சேர்வது தலைப்பு மட்டுமே.

இத்தகைய புகழுரைகள் வணிகச் சார்பற்ற நடுவர் முன் நின்றபோது நேர்ந்தது வேறு. பச்சைத் தேயிலை இதய நோயைத் தடுக்கும் என்று பொதியில் அச்சிட அனுமதி கோரிய யப்பானியக் கம்பனியின் மனுவை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2006 இல் நிராகரித்தது. 2010 இல் அதே நிருவாகம், அந்நாளில் லிப்டன் பெயருக்கு உரிமை பூண்டிருந்த யூனிலீவருக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தது. கொலஸ்திரோலைக் குறைக்குமென்று கூறித் தேயிலையை விற்பது அதனை அங்கீகாரமற்ற மருந்தாக்கி விற்பதாகும் என்பதே கடிதத்தின் சாரம்.

"பணம் எங்கிருந்து வந்தாலென்ன, விஞ்ஞானி பொய் சொல்வானா?" என்று கேட்போருளர். 1967 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் இதய நோய்க்குக் கொழுப்பையே பெரிதும் குற்றஞ்சாட்டிச் சீனியைத் தப்பவிட்ட மதிப்புரைக்குச் சீனி வணிகரின் ஆய்வு மன்றம் பணம் கொடுத்திருந்தமை 2016 இலேதான் அம்பலமாயிற்று. இடைப்பட்ட காலம் அரை நூற்றாண்டு. மென்பானம், பழச்சாறு, பால் ஆகியன பற்றிய 206 கட்டுரைகளை ஒப்பிட்டு 2007 இல் வெளியான ஆய்வு, முழுவதும் தொழிற்றுறைப் பணத்தில் நடந்தவை அத்துறைக்குச் சாதகமாக முடியும் வாய்ப்பு நான்கு முதல் எட்டு மடங்கு அதிகம் எனக் கண்டது. பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எதைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது என்பதைத் தீர்மானிப்பவன் கையிலேயே விடையிற் பாதி அடங்கிவிடுகின்றது.

கேளாது விடப்படும் வினா மலையகத்திலேயே உண்டு. உணவோடு அருந்தும் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றது என்பது 1975 இலேயே தென்னாபிரிக்க மருத்துவர்களால் நிறுவப்பட்ட உண்மை. தேநீரின் தனின் இரும்பைப் பிணைத்துக் கரையாத பொருளாக்கிவிடுகின்றது. இறைச்சியும் பழமும் நிறைந்த மேசையில் இது பெரிதன்று. மாவிலிருந்தும் கீரையிலிருந்தும் மட்டுமே இரும்பைப் பெற்று, மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் அதனை இழக்கும் பெண்ணுக்கோ அது சிறிய செய்தியன்று. மேனாட்டுக் கோப்பையிலே 'பொலிபீனோல்' என்று போற்றி விற்கப்படும் அதே பொருட்கூட்டமே லயத்துக் கோப்பையிலே இரும்பைப் பறிக்கின்றது! உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரம் விடுக என்ற எளிய அறிவுரைக்கு ஒரு சதமும் செலவில்லை. எனினும் அதனை எந்தக் கம்பனி தன் பொதியில் அச்சிடும்?

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17, தோட்டங்களிலே 32. காரணம் கூற வருவோர் தாயின் அறியாமையையும் பழக்கவழக்கத்தையும் தாராளமாகச் சுட்டுவர். சம்பளத்தைச் சுட்டும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். இதில் வியப்பில்லை. தொழிலாளரின் மருத்துவத்தை 1912 ஆம் ஆண்டுச் சட்டம் துரைமாரின் பொறுப்பில் விட்டது. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின் நலன்புரி வேலைகளுக்கென அமைந்த நிதியத்திலும் அரசாங்கத்தோடு கம்பனிகள் அமர்ந்திருக்கின்றன. தொழிற்சங்கங்களும் உடனமர்ந்திருப்பது ஆறுதல் தருவதாயில்லை. தோட்ட வைத்திய உதவியாளர் எத்துணை நல்லவராயினும், பிள்ளை குறுகியமைக்கு அரைப்பேர்ச் சம்பளமே காரணம் என்று அவர் எழுத வேண்டியது தமது சம்பளப் பட்டியலில் ஒப்பமிடுபவருக்கன்றோ?

1925 இல் தோன்றிப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்றுமதி மீதான செஸ் வரியால் வளர்ந்தது. செடியின் கொப்புள நோயையும் அதற்கு வேண்டிய நைதரசனையும் அது நுணுகி ஆராய்ந்தது. செடிக்காக அமைந்த நிலையம் செடியை ஆராய்வது குற்றமாகாது. ஆனால் அவ்வரி கொழுந்தெடுத்தவளின் விரல்களிலிருந்தும் எழுந்ததே. அதில் ஒரு பங்கு, வினாத் தெரிவில் கம்பனிக்கோ அமைச்சுக்கோ குரலில்லை என்ற உறுதியோடு, முடிவு எதுவாயினும் வெளியிடப்படும் என்ற எழுத்தோடு, பேராதனை மருத்துவ பீடத்திடம் கையளிக்கப்படல் வேண்டும். முதல் ஆய்வைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலைத் தேத்தண்ணீரை ரொட்டியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் அட்டன் மலைப் பெண்ணின் குருதியில் என்ன மாறும் என்பதையும், அதற்கேற்பத் தேநீர் இடைவேளையை மாற்றத் துரைமார் உடன்படுவரா என்பதையும் ஒருங்கே கேட்டுவிடலாம்.