ஊர்ப் பணத்தில் சுழலும் காற்றாலை

மேட்டுப்பாளையம் அருகே இருக்கும் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய். சிறுகச் சிறுகச் சேர்த்த ஊராட்சிப் பணம் 40 லட்சம், மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஊருக்குள் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கம். மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் ஏறுகிறது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சுவது வருமானம். இப்படி ஓர் ஊராட்சி துணிந்ததை எண்ணினால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் எல்லா ஊராட்சியிடமும் 40 லட்சம் இருக்காதே! அங்கே மக்களே பங்கு போடலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000-இல் எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கிய கூட்டுறவுச் சங்கத்துடையது. தெருவுக்குத் தெரு சீட்டுக் கட்டும் நம் மக்களுக்குச் சேமிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்ட பணம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் வேண்டும். தணிக்கை செய்த கணக்கு கிராமசபையில் வாசிக்கப்படட்டும். கூட்டுறவு வங்கிகள் மீதித் தொகையைக் கடனாகத் தரட்டும். அரசு இதற்கான விதிகளை உடனே வகுக்க வேண்டும்.