நிரந்தர ஃபில்லர்தான் லாபம்னு சொல்றாங்களா? அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு

நகைக்கடன் பற்றி நம்ம சேனலில் போட்ட வீடியோவுக்குக் கீழே ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறார். தை மாதம் கல்யாணம். கன்னம் ஒட்டிப்போய் இருக்கு, உதடு ரொம்ப மெல்லிசு என்று ரொம்ப நாளாக மனசில் ஒரு குறை. ஒரு கிளினிக்கில் விசாரித்திருக்கிறார். இரண்டு ரேட் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது, ஹயலுரோனிக் ஆசிட் ஃபில்லர். 2 மி.லி., 50,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 59,000. சுமார் ஒரு வருஷம் நிற்கும். இரண்டாவது, 'பர்மனன்ட்' ஃபில்லர். 80,000 ரூபாய், வரியோடு 94,400. கிளினிக் ஆள் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்: "முதலாவதை அஞ்சு வருஷம் போட்டா 2,95,000. இது ஒரே தடவை. உங்களுக்கு ரெண்டு லட்சம் மிச்சம்." சகோதரியின் கேள்வி: "அண்ணா, 4 பவுன் செயினை வெச்சு பர்மனன்ட்டே போட்டுடலாமா? இன்வெஸ்ட்மென்ட் மாதிரிதானே?"

இல்லம்மா. ரெண்டு லட்சம் மிச்சம்ங்கிற இடத்துலதான் ஓட்டை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. அழகுக்குச் செலவு பண்றது தப்புன்னு அட்வைஸ் பண்ணவும் வரலை. அவங்க சம்பாதிச்ச காசு, அவங்க முகம். கணக்கு சரியா இருக்கான்னு மட்டும் பார்க்கலாம்.

இந்தச் சரக்கு எப்படி வேலை செய்யுதுங்கிறது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்கு மத்தவங்களைவிட சீக்கிரம் புரியும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகிவிடும். அதில் இருக்கும் கொலாஜன் நார்களை குரோம் உப்போ மரப்பட்டைச் சாறோ ஒன்றோடு ஒன்று கட்டிப் பிணைத்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். டேனரியில் நடப்பது இதுதான். ஃபில்லரிலும் இதே வேலைதான். ஹயலுரோனிக் ஆசிட் நம்ம தோலிலேயே இருக்கிற பொருள். கட்டிப் பிணைக்காமல் ஊசியில் ஏற்றினால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும். அதனால் ஒரு ரசாயனத்தால் பிணைத்து ஜெல் ஆக்குகிறார்கள். பிணைப்பையும் ஊசி போடும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை நிற்கும்.

இன்னொரு விஷயம் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. 1981-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதித்த கொலாஜன் ஃபில்லர் மாட்டுத் தோலிலிருந்து எடுத்ததுதான். பிறகு வந்த அடுத்த வகையை குளுட்டரால்டிஹைடு போட்டுப் பிணைத்தார்கள். அதே மருந்து டேனரியிலும் ஓடுகிறது. அலர்ஜி வருமா என்று பார்க்க முதலில் கையில் சின்ன ஊசி போட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். 2003-ல் அங்கே ஹயலுரோனிக் ஆசிட் வந்த பிறகு மாட்டுக் கொலாஜன் மெல்ல மார்க்கெட்டை விட்டே போய்விட்டது.

இப்ப பணத்துக்கு வருவோம். ஹயலுரோனிக் ஆசிடின் உண்மையான மதிப்பு அது எத்தனை மாதம் நிற்கிறது என்பதில் இல்லை. அதைக் கரைக்க முடியும் என்பதில் இருக்கிறது. ஹயலுரோனிடேஸ் என்று ஒரு ஊசி மருந்து. கண் ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊசி போடும்போது சேர்ப்பார்களே, அதே மருந்துதான். உதடு ஒரு பக்கம் வீங்கின மாதிரி ஆகிவிட்டது, கட்டி தட்டிவிட்டது, கண்ணாடி பார்த்தால் பிடிக்கவில்லை, எதுவானாலும் பெரும்பாலும் கரைத்துவிடலாம். ஜெல் தவறிப்போய் ரத்தக்குழாயை அடைத்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். ரொம்ப அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. அந்த அவசரத்தில் தோலைக் காப்பாற்ற டாக்டர் முதலில் எடுப்பதும் இதே ஊசியைத்தான். பார்வைக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது.

நடுவில் இரண்டு வகை இருக்கிறது. கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கும். பாலி-எல்-லாக்டிக் ஆசிட், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை போடணும்; உடம்பே கொலாஜன் உண்டாக்கி மெதுவாகத்தான் ரிசல்ட் வரும், ஆனால் இரண்டு வருஷம் போலத் தாங்கும். கல்யாணம் பக்கத்தில் வந்தவருக்கு இது உதவாது. இரண்டையுமே உதட்டில் போடக் கூடாது. இரண்டுக்கும் அந்தக் கரைக்கிற ஊசி வேலை செய்யாது. (போடாக்ஸை இதோடு குழப்பிக்காதீங்க. அது தசையைத் தளர்த்துற மருந்து, எதையும் நிரப்பாது.)

நிரந்தர வகை என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக் மணிகளோ, பாலிஅக்ரிலமைடு ஜெல்லோ, திரவ சிலிக்கோனோதான். முகத்தை நிரப்பத் திரவ சிலிக்கோன் ஊசிக்கு எஃப்.டி.ஏ. அனுமதியே கொடுக்கவில்லை. பாலிஅக்ரிலமைடு ஜெல்லை ஏகப்பட்ட பேருக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 2006-ல் சீன அரசே தடை செய்தது. பிளாஸ்டிக் மணி வகைக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஆனால் வாயோரக் கோட்டுக்கும் பருத் தழும்புக்கும்தான், உதட்டுக்கு இல்லை. இதிலெல்லாம் கட்டி என்பது போட்ட மறுநாளே வரவேண்டும் என்றில்லை, வருஷங்கள் கழித்தும் வரலாம். வந்தால் கரைக்க வழியில்லை, வெட்டித்தான் எடுக்கணும். அதுவும் முழுசாக வராது.

லாக்-இன் பீரியட் பற்றி எத்தனை வீடியோ பேசியிருக்கோம்! இது ஆயுள் முழுக்க லாக்-இன். அதுவும் முகத்துல.

கிளினிக் பேப்பருக்குத் திரும்புங்க. அஞ்சு வருஷம், அஞ்சு தடவைன்னு யார் சொன்னது? முதல் தடவை போட்டுப் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தை, சாப்பாடு, உடம்பு எடைன்னு முகமே மாறும். கன்னம் தானாவே நிரம்பலாம். 29 வயசு முகத்துக்கு அளவெடுத்துப் போட்டது 45 வயசுல அதே இடத்துல நிக்கும், சுத்தி இருக்கிறது எல்லாம் தொங்கும். 59,000-ல் ஒரு பங்கு வேண்டாம்னு சொல்ற உரிமைக்கான விலை. 94,400-ல் அந்த உரிமை இல்லை. அப்புறம் எப்படி ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது?

இன்னொரு செலவும் அந்தப் பேப்பரில் இல்லை. முகத்தைச் சரிசெய்வது வேலூருக்குப் புதுசு இல்லை. தொழுநோயால் மூக்கு அமுங்கி, புருவம் உதிர்ந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து முகத்தை மீட்டுக்கொடுத்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் கடைசியில் சி.எம்.சி.யில்தான் அந்த வேலையைத் தொடங்கினார். அந்த மாதிரிச் சீரமைப்பையும் அழகுக்காகச் செய்வதையும் சட்டம் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. பிறவிக் குறை, விபத்துக் காயம் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது; அழகுக்கு உண்டு. மெடிக்கல் இன்சூரன்ஸிலும் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு தவிர அழகு சிகிச்சைக்கு விலக்கு எழுதியே இருக்கும். பின்னாடி கட்டி வந்து வெட்டி எடுக்கும்போது கிளெய்ம் கிடைக்கும்னு நம்பி உட்கார முடியாது.

நோ-காஸ்ட் இ.எம்.ஐ. இருக்குன்னும் சொன்னாங்களாம். ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நம்ம பக்கத்துச் சம்பளம் எக்ஸ்போர்ட் ஆர்டரை நம்பி ஓடுது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்ப எத்தனை வீட்டுல தூக்கம் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அழகுக்காகச் செயினை அடகு வெச்சுட்டு, அந்தச் சமயம் ஓவர்டைமும் நின்னுபோனா?

அதனால் அவருக்கு நான் எழுதியது இது. ஹயலுரோனிக் ஆசிட் மட்டும். முதலில் உதட்டுக்கு 1 மி.லி. போதும், 29,500 ரூபாய். கன்னம் இப்போது வேண்டாம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாடியே முடிச்சிடுங்க. வீக்கமும் ரத்தக்கட்டும் வடியணும். ஊசி போடுறது தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா, இல்லை பார்லர்ல ட்ரெய்னிங் எடுத்தவரா என்று பெயர் கேளுங்க. பெட்டியை உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லி, பிராண்டும் பேட்ச் நம்பரும் இருக்கிற ஸ்டிக்கரை வாங்கி பில்லோடு வையுங்க. ஹயலுரோனிடேஸ் இப்பவே ஃப்ரிட்ஜ்ல இருக்கான்னு கேளுங்க. "அதெல்லாம் தேவைப்படாதுங்க"ன்னு பதில் வந்தா செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துடுங்க.

நேத்து பதில் வந்தது. கடைசிக் கேள்விக்கு அந்த கிளினிக்கில், "வேணும்னா வாங்கி வெச்சிடலாம்" என்றார்களாம். வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறார். கார்த்திகையில் சீட்டு எடுக்கிற முறை வருதாம், அதிலிருந்து 1 மி.லி.க்கு மட்டும். செயின் கழுத்திலேயே இருக்கு.